விருந்தாளிக்கும் மண் தெரியும்: ஓர் ஆப்பிள் பண்ணைப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

ஆப்பிள் விளைச்சலில் அமெரிக்காவில் முதலிடம் வாஷிங்டன் மாநிலத்துக்கு, அடுத்தது நியூயார்க். நியூயார்க் நகரத்துக்கு அப்பால் ஐந்து மணி நேரம் காரில் போனால், வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் 11 ஏரிகளைச் சுற்றி ஃபிங்கர் லேக்ஸ் என்ற பகுதி வருகிறது. அவற்றில் செனிகா ஏரியின் ஆழம் 188 மீட்டர். கோடையில் வாங்கிய வெப்பத்தை அந்த ஏரி மெதுவாகத்தான் விடும். அதனால் கரையோரச் சரிவுகளில் உறைபனி சில நாள் தள்ளிப்போகிறது. வசந்தத்தில் அதே ஏரியின் குளிர்ச்சி மரங்களைச் சீக்கிரம் பூக்க விடாது. பின்பனியில் பூ கருகும் ஆபத்து குறைகிறது. ஆப்பிளும் திராட்சையும் அங்கே வேரூன்ற இது ஒரு முக்கியக் காரணம்.

அந்தப் பகுதியின் ஒரு கல்லூரி நகரத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த மாணவர்களை ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு பண்ணைக்கு அழைத்துப் போகும் தன்னார்வக் குழு ஒன்று இருக்கிறது. நானும் அதில் ஒருத்தி. அந்தப் பயணம் எப்படி இருந்தது, எதனால் மாறியது, மாறியபின் என்ன ஆனது என்பதுதான் இந்த ஆய்வு. கல்லூரி, பண்ணை, மாணவர்கள் யார் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. பண்ணைக்காரர் அறுபதுகளில் இருப்பவர். தாத்தா காலத்துத் தோட்டம். பாதிக்கு மேல் ஆப்பிள், மீதியில் மக்காச்சோளம், சாலையோரம் கொஞ்சம் பூசணி. கடையையும் கணக்கையும் அவர் மனைவி பார்த்துக்கொள்கிறார்.

பழைய வடிவம்

சனிக்கிழமை காலை பஸ் கிளம்பும். பண்ணையில் இறங்கியதும் டிராக்டர் இழுக்கும் வண்டியில், வைக்கோல் கட்டுகள் மேல் உட்கார்ந்து தோட்டத்தை ஒரு சுற்று. பண்ணைக்காரர் கையில் மைக். "இது ஆப்பிள் மரம். மே மாதம் பூக்கும். தேனீ வந்து மகரந்தம் சேர்க்கும்." பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே உரைதான். கேட்டுக்கொண்டிருப்பவர்களோ முனைவர் பட்டம் படிப்பவர்கள், சிலர் கல்யாணமாகிக் குழந்தையோடு வந்தவர்கள். அப்புறம் சோளக்காட்டுப் புதிர்வழி, அதாவது உயர்ந்த சோளத்தட்டைகளுக்கு நடுவே வழி தேடி வெளியேறும் விளையாட்டு. அப்புறம் ஆளுக்கொரு பூசணி, ஆளுக்கொரு சைடர் டோனட் (சைடர் என்ற ஆப்பிள் சாறு சேர்த்த டோனட்), குழுப் புகைப்படம், பஸ்.

யாரும் குறை சொன்னதில்லை. கருத்துப் படிவத்தில் எல்லாரும் "மிக நன்று" என்று குறித்துவிட்டுப் போனார்கள். ஆனால் அடுத்த வாரம் பார்த்துப் பேசினால், போன இடத்தில் என்ன விளைகிறது என்றுகூடப் பலருக்கு நினைவில்லை. புகைப்படம் மட்டும் எல்லாரிடமும் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவர்கள் பாரம்பரியம் என்று நம்பிப் பார்த்ததில் பாதி பாரம்பரியமே இல்லை. இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கும் சோளக்காட்டுப் புதிர்வழி, 1993இல் பென்சில்வேனியாவின் ஆன்வில் என்ற ஊரில் தொடங்கியது. இப்போது முனைவர் படிப்பு முடிக்கப்போகும் சிலருக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. சைடர் டோனட்டும் 1950களின் தொடக்கத்தில் இலையுதிர்கால விற்பனைக்காக வந்த சரக்குதான். பூசணியைக் குடைந்து விளக்கு வைப்பது மட்டும் பழையது. அதுகூட அயர்லாந்துக்காரர்கள் அங்கே டர்னிப் கிழங்கில் செய்ததை, இங்கே குடியேறிய பின் பூசணிக்கு மாற்றிக்கொண்டது.

இதை வைத்துப் பண்ணைக்காரரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. மொத்த வியாபாரிக்குப் போட்டால் ஒரு புஷல் ஆப்பிளுக்கு, அதாவது சுமார் 19 கிலோவுக்கு, கிடைப்பது ரொம்பக் குறைவு. அதே பழத்தை வாடிக்கையாளரே வந்து பறித்துக் காசு கொடுத்துவிட்டுப் போனால் நடுவில் யாருமில்லை, பறிகூலியும் மிச்சம். வந்தவர் குழந்தையோடு புதிர்வழியில் நுழைந்தால் அதற்கொரு கட்டணம், டோனட்டுக்கு ஒரு கட்டணம். அக்டோபரின் நான்கைந்து வாரக் கடைசிகள்தான் இப்படிப்பட்ட பண்ணைகள் பலவற்றின் கணக்கை நிமிர்த்துகின்றன. கேளிக்கை வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் கடல் தாண்டி வந்த மாணவருக்கு, உள்ளூர் குடும்பங்களுக்கு விற்கும் அதே சரக்கை ஏன் கொடுக்க வேண்டும்?

ஒரு மழைநாள், இரண்டு பேச்சு

மாற்றம் திட்டம் போட்டு வரவில்லை. ஒரு வருடம் காலையிலிருந்தே மழை. வண்டி சேற்றில் இறங்காது என்று பண்ணைக்காரர் சொல்லிவிட்டார். எல்லாரையும் பழம் தரம் பிரிக்கும் கொட்டகைக்குள் நிறுத்திவைத்தோம். பெரிய மரப்பெட்டிகளில் எம்பயர் வகை ஆப்பிள் குவிந்திருந்தது. சிவப்புக்குள் அங்கங்கே பச்சைத் திட்டு, சிலதில் கிளை உரசிய தழும்பு.

சீனாவின் ஷான்சி மாகாணத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி ஒரு பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்கு நீங்கள் காகித உறை போடுவதில்லையா?" என்று கேட்டாள். பண்ணைக்காரருக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். உலகத்தின் ஆப்பிளில் கிட்டத்தட்டப் பாதி சீனாவில் விளைகிறது. அதில் அவள் மாகாணம்தான் முன்னணி. அவர்கள் தோட்டத்தில் ஃபூஜி ஆப்பிள் பிஞ்சாக இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரு காகித உறை மாட்டிவிடுவார்கள். பூச்சி அண்டாது, தோல் மழமழவென்று இருக்கும். அறுவடைக்குக் கொஞ்ச நாள் முன்னால் உறையைக் கழற்றினால் வெயில் பட்டு ஒரே சீராகச் சிவக்கும். அவளும் அம்மாவும் பாட்டியும் ஏணி மேல் நின்று மாட்டியிருக்கிறார்கள்.

பண்ணைக்காரர் மைக்கை மேஜையில் வைத்தார். ஒரு மரத்துக்கு எத்தனை உறை, ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை மாட்டுவார், கூலி என்ன, கழற்றிய காகிதத்தை என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். வழக்கமாக அவர் பேச, மாணவர்கள் தலையாட்டுவார்கள். அன்று அவர் முகத்தில் இருந்தது, ஊரில் பக்கத்து வயல்காரர் புது விதை போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்ட விவசாயியின் ஆர்வம்.

அதே மேஜையில் தானிய ஈரம் பார்க்கும் சிறிய மீட்டர் ஒன்று இருந்தது. அதைக் கையில் எடுத்தவர் மன்னார்குடிப் பக்கத்துப் பையன். பொறியியல் படிக்க வந்தவர். "அக்கா, இதுக்குப் பயந்துதான் எங்கப்பா ராத்திரி தூங்காம இருப்பாரு" என்றார் என்னிடம். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவுதான், பையனும் பண்ணைக்காரரும் அரை மணி நேரம் ஈரப்பதத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

டெல்டாவில் குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்கமாட்டார்கள். சாலையில் கொட்டிக் காயவைத்து, மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, மறுபடி கொட்டி, வரிசையில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். மழை வலுத்தால் ஈர அளவில் தளர்வு கேட்டு மாநில அரசு ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதும். இங்கே மக்காச்சோளத்துக்கு அந்த எண் 15.5. வயலில் 20, 25 சதவீதத்தில் அறுத்து, புரோப்பேன் வாயுவில் ஓடும் உலர்த்தியில் போட்டு இறக்குகிறார்கள். காயாமல் கொண்டுபோனால் கொள்முதல் கிடங்கில் விலையைப் பிடித்துக்கொள்வார்கள். ஈரமான அக்டோபர் என்றால் வாயு செலவே லாபத்தைத் தின்றுவிடும் என்றார் பண்ணைக்காரர். "உங்கள் ஊரில் உலர்த்தி கிடையாதா?" என்று அவர் கேட்டதற்குப் பையன் சொன்ன பதில்: "சார், எங்கள் உலர்த்தி நெடுஞ்சாலைதான்."

(அவரைப் பெயர் சொல்லியே கூப்பிடலாம் என்று பண்ணைக்காரர் பலமுறை சொல்லியும், நம் பையன்கள் கடைசிவரை "சார்"தான்.)

அன்று வண்டிச் சவாரி இல்லை, புதிர்வழி இல்லை. பஸ் கிளம்ப நேரமாகிவிட்டது என்று நான்தான் எல்லாரையும் விரட்ட வேண்டியிருந்தது. இதிலிருந்து எங்கள் குழு எடுத்துக்கொண்டது ஒன்றுதான். வெளிநாட்டு மாணவர் என்றால் பண்ணையையே பார்த்திராதவர் என்று அதுவரை நடத்திக்கொண்டிருந்தோம். வருகிறவர்களில் கணிசமானவர்கள் நிலமுள்ள வீட்டிலிருந்தோ, நிலத்தை விட்டு ஒரு தலைமுறை மட்டுமே தள்ளி வந்த வீட்டிலிருந்தோ வருகிறார்கள். அவர்களிடம் காட்டுவதைவிட அவர்களோடு பேசுவதுதான் அந்த வீட்டாருக்கும் இவர்களுக்கும் பொருத்தம்.

பறிப்பும் பிழிவும்

அடுத்த பருவத்திலிருந்து அட்டவணையைச் சுருக்கினோம். நாள் முழுக்க இரண்டே வேலை: ஆப்பிள் பறிப்பது, சைடர் பிழிவது. ஆனால் வேலை என்ற சொல்லை அமெரிக்காவில் கவனமாகத்தான் பயன்படுத்த வேண்டும். எஃப்-1 என்ற படிப்பு விசாவில் இருக்கும் மாணவர் அனுமதி இல்லாமல் கல்லூரிக்கு வெளியே வேலை செய்யக்கூடாது. கூலிக்குப் பதில் ஒரு கூடை பழம் கொடுத்தாலும் அது ஊதியம் ஆகிவிடலாம். லாபத்துக்கு நடக்கும் தனியார் பண்ணையில் தன்னார்வலராக உழைப்பதையும் தொழிலாளர் சட்டம் ஏற்பதில்லை. எனவே மாணவர்கள் மற்ற வாடிக்கையாளரைப் போலக் காசு கொடுத்துப் பறிக்கிறார்கள். தங்கள் பழத்தைத் தாங்களே பிழிகிறார்கள். யாராவது கூடுதலாக உழைக்க ஆசைப்பட்டால், அறுவடைக்குப் பின் மரத்தில் தங்கிய பழத்தைச் சேகரித்து உணவு வங்கிக்குக் கொடுக்கும் தொண்டு அமைப்பு வழியாக வரலாம். நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவரை வழக்கிலிருந்து காக்க 1996லேயே ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்திருக்கிறது. இதையெல்லாம் பஸ்ஸிலேயே சொல்லிவிடுகிறோம். விசா விஷயத்தில் விளையாட்டு கூடாது.

பறிப்பதற்கு ஒரு முறை உண்டு. பழத்தைப் பிடித்து இழுத்தால் கூடவே குட்டையான காய்ப்புக் கணு ஒடிந்து வரும். அந்தக் கணுவில்தான் அடுத்த வருடத்துப் பூ இருக்கிறது. உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கிச் சுழற்றினால் காம்போடு கழன்று வரும். காம்பு இல்லாத பழம் சீக்கிரம் அழுகும். பறித்ததைக் கூடையில் போடக்கூடாது, வைக்க வேண்டும். முட்டையைப் போல, என்று பண்ணைக்காரர் மனைவி சொல்வார். எங்கள் மாணவர்களில் முதல் முயற்சியிலேயே சரியாகப் பறித்தவர் நேபாளத்தின் மலைக் கிராமத்துப் பெண். எப்படித் தெரியும் என்றதற்கு, "ஆரஞ்சும் இப்படித்தானே" என்றாள்.

ஒட்டு மரங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் தென்னிந்திய மாணவர்கள் சட்டென்று உள்ளே நுழைந்துவிடுவார்கள். ஆப்பிள் விதையைப் போட்டால் தாயைப் போலக் காய்க்காது. ஒவ்வொரு மரமும் ஒட்டுக் கட்டியதுதான். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தத் தோட்டத்தின் மூலையில் நார்தர்ன் ஸ்பை என்ற வகை மரம் ஒன்று நிற்கிறது. 1800 வாக்கில் இதே வட்டாரத்தின் ஈஸ்ட் புளூம்ஃபீல்டில் தோன்றிய வகை அது. காய்க்கவே பல வருடம் எடுக்கும். ஆனால் அடுப்பில் வேகவைத்தால் குழையாது என்பதற்காக இன்னும் வைத்திருக்கிறார்கள். எம்பயர் வகையோ பக்கத்தில் ஜெனீவா நகரத்து ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்டது. அதே ஊரில்தான் நாட்டின் ஆப்பிள் மரபுச் சேகரிப்பும் இருக்கிறது. கஜகஸ்தான் மலைக்காடுகளிலிருந்து விதை கொண்டுவந்து வளர்த்த காட்டு ஆப்பிள் மரங்களும் அங்கே உண்டு. இன்று நாம் தின்னும் எல்லா ஆப்பிளுக்கும் முக்கிய மூதாதை அந்தக் காட்டு மரம். ஒரு வருடம் கஜகஸ்தானின் அல்மாட்டியிலிருந்து வந்த மாணவர் இதைக் கேட்டுவிட்டு, நாள் முழுக்கச் சொந்தத் தோட்டத்தில் நடப்பதைப் போலத்தான் நடந்தார்.

பிழியும் இடத்தில்தான் கூட்டம் கலையாது. கையால் சுற்றும் அரவை, அதன் கீழே மரச்சட்டத் தொட்டி, மேலே திருகு. நான்கு பேர் ஆப்பிளைக் கழுவுவார்கள், இருவர் நறுக்கி அரவையில் தள்ளுவார்கள், ஒருவர் சுற்றுவார். அரைத்த கூழைத் துணியில் கட்டித் தொட்டிக்குள் வைத்துத் திருகை இறக்கினால், முதலில் ஒன்றும் வராது. பிறகு சட்டங்களின் இடுக்கிலிருந்து வெளிர் மஞ்சளாகக் கசிந்து, பாத்திரத்தில் விழுந்த சில நிமிடத்தில் காற்றுப் பட்டுப் பழுப்பாகும். இங்கே சைடர் என்றால் புளிக்காத, வடிகட்டாத சாறு. சாராயச் சத்து உள்ளதற்கு ஹார்டு சைடர் என்று தனிப் பெயர். முஸ்லிம் மாணவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் மரியாதைக்காகக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே நிற்பார்கள். கைப்பிழிவில் ஒரு புஷலுக்கு எட்டு முதல் பத்து லிட்டர் வரும். சக்கை பக்கத்துப் பண்ணை மாடுகளுக்கு.

பிழிந்ததை அப்படியே குடிக்கலாமா? பண்ணை மறுக்கிறது, நானும்தான். 1996இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் காய்ச்சாத ஆப்பிள் சாற்றின் மூலம் ஈ கோலை ஓ157 கிருமி பரவிப் பலர் நோயுற்றார்கள். ஒரு குழந்தை இறந்தது. கீழே விழுந்த பழத்தில் மான் புழுக்கை பட்டிருக்கலாம். அதனால் தரையில் கிடக்கும் பழம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிழிவுக்கு எடுப்பதில்லை. பண்ணைக் கடையில் விற்கும் சைடர் புற ஊதாக் கதிரில் கிருமி நீக்கியது. மாணவர்கள் பிழிந்ததைப் பெரிய அண்டாவில் ஊற்றி, பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டு நன்றாகக் காய்ச்சி, சூடாகக் குடிக்கிறோம். அந்தக் குளிருக்கு அதுதான் பொருத்தமும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஊரில் மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டு நேராக விமானம் ஏறி வந்தவர் ஐந்து நாளாவது இங்கே கால்நடையைத் தொடக்கூடாது. செருப்பையும் கழுவிவிட்டு வர வேண்டும். கோமாரி நோய் 1929க்குப் பிறகு இந்த நாட்டில் இல்லை, நம் நாட்டில் இருக்கிறது. இரண்டாவது, புல்லில் உண்ணி. லைம் நோய் பரப்பும் மான் உண்ணி அக்டோபரிலும் சுறுசுறுப்பாக இருக்கும். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகச் சொன்னால் சிரிப்பார்கள், செருகமாட்டார்கள். திரும்பியதும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பைப் பாருங்கள் என்று மட்டுமாவது சொல்லியனுப்புகிறோம்.

சாப்பாடு

பாரம்பரிய விருந்து என்று பண்ணை வீட்டார் அன்போடு வைத்ததில் முதல் வருடங்களில் பாதிப் பேர் சாப்பிட முடியாத பண்டங்கள் இருந்தன. ஆப்பிள் பையின் மேலோட்டில் பன்றிக் கொழுப்பு. நெருப்பில் வாட்டிச் சாப்பிடும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின். அதுவும் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்தது. பீன்ஸ் சூப்பில் உப்புக்கண்டம் போட்ட பன்றித் துண்டு. வெள்ளை வெளேரென்று இருக்கும் மார்ஷ்மெல்லோவில் கறி சம்பந்தம் இருக்கும் என்று எந்த ஐயர் வீட்டுப் பையன் நினைப்பான்?

இதற்குத் தீர்வு சொன்னது பண்ணைக்காரர் மனைவிதான். மேலோட்டுக்கு வெண்ணெய், ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் உள்ளே இருப்பதை எழுதிய அட்டை. கூடவே, மாணவர்களே ஏதாவது ஒன்றைச் சமைக்கட்டும் என்றார். பட்டர்நட் ஸ்குவாஷ் நம் ஊர் பரங்கிக்காயின் அதே இனம்தான். ஒரு மதுரைப் பெண் அதைத் தோல் சீவி, தேங்காய்த் துருவல் கிடைக்காமல் பாக்கெட் தேங்காயைப் போட்டு எரிசேரி மாதிரி ஒன்று செய்தாள். "பாக்கெட் தேங்காய்ல இனிப்பு சேர்த்திருக்கான் அக்கா, கெட்டுப்போச்சு" என்று அவள் புலம்பிக்கொண்டிருக்கும்போதே பாத்திரம் காலி. பூசணி என்றால் சர்க்கரையும் பட்டைப் பொடியும்தான் என்று இருந்த வீட்டில், இப்போது அது காரமாகவும் பொரியலாகவும் மேஜைக்கு வருகிறது. நைஜீரியாவின் இக்போ மாணவர் ஒருவர், புது யாம் திருவிழாவுக்கு முன் புதுக்கிழங்கை யாரும் வாயில் வைக்கக்கூடாது என்ற தங்கள் வழக்கத்தைச் சொன்னார். நவம்பர் நான்காவது வியாழனில் வரும் நன்றி நாளைப் பற்றி அதுவரை வகுப்பறைப் பாடம்போலப் பேசிவந்த பண்ணைக்காரர், தன் பாட்டி முதல் அறுப்பை என்ன செய்வார் என்று நினைவுபடுத்திச் சொன்னது அன்றைக்குத்தான்.

யார் நிலம், யார் கை

இந்தப் பகுதியை விட்டுவிட்டுப் பண்ணைப் பாரம்பரியம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. குழுவில் சிலருக்கு இது சங்கடம். சந்தோஷமாக வந்த பிள்ளைகளிடம் ஏன் என்கிறார்கள்.

அந்த நிலம் ஹோடனோஷோனி என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பைச் சேர்ந்த கயூகா, செனிகா மக்களுடையது. மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நடும் முறை அவர்களுடையது. சோளத்தண்டு அவரைக்குக் கொழுகொம்பு, அவரை மண்ணுக்குத் தழைச்சத்து, பூசணி இலை மண்ணின் ஈரத்துக்கு நிழல். அவர்களிடம் பீச், ஆப்பிள் தோப்புகளும் இருந்தன. 1779இல், அமெரிக்கச் சுதந்திரப் போரின் நடுவே, ஜார்ஜ் வாஷிங்டனின் உத்தரவின்பேரில் வந்த தளபதி சல்லிவனின் படை 40க்கு மேற்பட்ட ஊர்களைக் கொளுத்தியது. விளைந்து நின்ற சோளத்தை எரித்தது, பழமரங்களை வெட்டிச் சாய்த்தது. படையெடுப்பு நடந்தது அறுவடைக் காலத்தில் என்பதைக் கவனியுங்கள். விக்டர் ஊரருகே கனொண்டகன் என்ற செனிகா நினைவிடத்தில் அவர்களின் வெள்ளைச் சோளத்தை மறுபடி பயிராக்கி, மாவாக்கி விற்கிறார்கள். பஸ் வழியில் அங்கே ஒரு நிறுத்தம் வைத்தோம். பண்ணைக்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு அந்த மாவை வாங்கிவரச் சொன்னார்.

அடுத்தது, பழத்தைப் பறிக்கும் கை. வாடிக்கையாளர் பறிப்பது சாலையோர வரிசைகளை மட்டும். உள்தோட்டம் முழுக்க ஜமைக்காவிலிருந்து வரும் ஆட்கள். ஜமைக்காக்காரர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்தே, 1943 முதல், அமெரிக்க அறுவடைக்கு வருகிறார்கள். இப்போது எச்-2ஏ என்ற பருவகால விசா. தங்குமிடமும் பயணச் செலவும் பண்ணையின் பொறுப்பு. நியூயார்க்கில் விவசாயக் கூலிகளுக்கு மிகைநேர ஊதியம் 2020இல்தான் வந்தது, வாரத்துக்கு 60 மணிக்கு மேல். 2024இல் அது 56 ஆனது. 2032இல் 40 ஆக வேண்டும். பண்ணைக்காரருக்கு இதில் கவலை, ஆட்களுக்கு வேறு கணக்கு. மதிய இடைவேளையில் இரு தரப்பும் இருக்கும் மேஜையிலேயே மாணவர்கள் உட்காருகிறார்கள். வருடத்தில் ஐந்தாறு மாதம் பிள்ளைகளை விட்டுவந்து ஏணியில் நிற்பவரோடு, வீட்டுக்கு வாரம் ஒருமுறை வீடியோவில் பேசும் மாணவருக்குப் பேச நிறையவே இருந்தது. விசா நேர்காணல் கதை ஒன்று போதும், இரண்டு பேரும் நண்பர்களாகிவிடுவார்கள்.

டிராக்டருக்குப் பொட்டு

ஒரு வருடம் பயணம் ஆயுத பூஜை வாரத்தில் விழுந்தது. மன்னார்குடிப் பையன் சட்டைப்பையில் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்திருந்தார். அனுமதி கேட்டு டிராக்டரின் முன்விளக்குக்கு மேலே மூன்று பொட்டு வைத்தார். சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைத்தபோது, இது இன்சூரன்ஸில் வருமா என்று கேட்டார் பண்ணைக்காரர். கருவிக்கு ஓய்வு கொடுக்கும் நாள், இன்று ஓட்டக்கூடாது என்றதும் அவர் கையை விரித்துவிட்டார். அக்டோபரில் டிராக்டர் ஒரு நாள் நின்றால் கட்டுப்படியாகாது.

ஆனால் அவர்களுக்கும் அப்படி ஒரு நாள் இருக்கிறது. நவம்பரில் அறுவடை முடிந்ததும் எண்ணெய் மாற்றி, கிரீஸ் வைத்து, தெளிப்பான் குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் வடித்துவிட்டு, கருவிகளைக் கொட்டகைக்குள் ஏற்றிப் பூட்டுவார்கள். அன்றைக்கு அண்டை வீட்டாரும் வந்து கை கொடுத்து, வேலை முடிந்து சேர்ந்து சாப்பிடுவது அங்கே வழக்கம். விளம்பரப் பலகையில் வராத பாரம்பரியம் அது. இத்தனை வருடம் அவர் அதை எங்களிடம் சொன்னதே இல்லை. சொல்லும் அளவுக்கு அது ஒரு விஷயம் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை.

இப்போதைய நிலவரம்

எல்லாருக்கும் இந்த வடிவம் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பூசணியோடு படம் எடுக்க மட்டும் வருகிறவர்கள் உண்டு. தேர்வு வாரத்தின் நடுவே ஒரு சனிக்கிழமையைக் கொடுத்தவருக்கு அதுதான் தேவை என்றால் அதுவும் சரிதான். நகரத்திலேயே வளர்ந்த மாணவர்கள் சிலர், ஈரப்பதம், கூலி, ஒட்டுக்கட்டு என்று பேச்சு நீண்டால் மெல்ல நழுவிவிடுகிறார்கள். அவர்களுக்காகப் புதிர்வழியை வைத்திருக்கிறோம், கட்டணம் அவரவர் பொறுப்பு. பண்ணைக்காரருக்கும் நீண்ட பேச்சு என்பது கடையில் ஆள் குறைவு. நெரிசலான சனிக்கிழமையில் அது நஷ்டம்தான்.

அதனால் பயணத்தை அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளலாமா என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். இலைகளின் நிறமெல்லாம் அதற்குள் கொட்டிப்போயிருக்கும். மாணவர் அலுவலகம் அதனாலேயே தயங்குகிறது, படம் நன்றாக வராது என்கிறது. நார்தர்ன் ஸ்பை மரத்தில் அப்போதும் பழம் இருக்கலாம், பிழிவதற்குக் கிடங்கில் நிச்சயம் இருக்கும், பண்ணைக்காரருக்கும் நேரம் இருக்கும். கருவிகளை ஏற்றிப் பூட்டும் நாளும் அந்த வாரத்தில்தான் வருகிறது. மாணவர்கள் பார்வையாளராக வரலாம், கிரீஸ் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று விசா ஆலோசகர் சொல்லியிருக்கிறார். பஸ் கட்டணத்துக்கு யார் பொறுப்பு என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.